நூற்றைத் தொடாத தண்ணீர்

அத்தியாயம் 17

"அம்மா, நான் நூறுன்னு சொல்ல மாட்டேன்."

தேநீரில் பால் ஊற்றிக்கொண்டிருந்த அனார்குலின் கை அப்படியே நின்றது. அவள் எதற்காகப் பயந்துகொண்டே எழுந்தாளோ, அது காலைப் பலகாரத்துக்கு முன்பே வந்துவிட்டது.

போன வாரம் பெர்மெத்தைப் பள்ளிக்கூடத்துப் பௌதிக அறையில் விட்டுவிட்டு வந்தோம். அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு மரப்பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே பெட்டி நிறையத் தெர்மாமீட்டர்கள். ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புச் சாயத்தில் ஒரு பொட்டு. "பழுது" என்று பெரியம்மா உல்கான் வைத்த பொட்டு. நம் பெர்மெத்துக்குத்தான் கை சும்மா இருக்காதே. இரண்டை வீட்டுக்கு எடுத்து வந்து கொதிக்கிற தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். இரண்டும் தொண்ணூற்று மூன்றில் ஏறி நின்றன. அதற்கு மேல் அசையவில்லை.

"அது பழுது இல்லம்மா. ரெண்டும் ஒரே எடத்துல நிக்குது. நம்ம ஊர்ல தண்ணி தொண்ணூத்திமூணுலயே கொதிச்சிடுது."

"தெரியும். நேத்தே சொன்னே. நேத்தே புரிஞ்சுது."

"புரிஞ்சும் நூறுன்னு சொல்லச் சொல்றே?"

"இன்னிக்கு ஒரு நாள். ஒரே ஒரு நாள். குழு வந்துட்டுப் போகட்டும், நாளைக்கு நானே போர்டுல எழுதுறேன்."

மகள் ரொட்டியைப் பிய்த்தாள். வாயில் போடவில்லை. ஜன்னல் கண்ணாடி காற்றில் தடதடத்தது. விளக்கு ஒரு முறை மங்கி, யோசித்து, திரும்பவும் எரிந்தது. கோக்-ஜார் மலைக் கிராமத்தில் காற்று இப்படி அடித்தால் எந்த நேரமும் மின்சாரம் போகும்.

எர்மெக் பூட்ஸை மாட்டிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தான். நாரின் நகரத்துக்குத் தினமும் மினிபஸ் ஓட்டுகிறவன். இன்றைக்கு ஆய்வுக் குழுவை ஏற்றிவர வேண்டியவனும் அவன்தான்.

"என்ன, அம்மாவும் பொண்ணும் முட்டிக்கிறீங்க?"

"நீங்களே கேளுங்கப்பா. தண்ணி எத்தனை டிகிரியில கொதிக்கும்?"

எர்மெக் பூட்ஸ் நாடாவை இறுக்கினான். ரொம்பவே இறுக்கினான்.

"என்னைக் கேக்காதே. பௌதிகத்துல அஞ்சுக்கு ரெண்டு வாங்கிப் பெயிலானவன் நான். எனக்கு டீசல்தான் தெரியும்."

சிரித்துக்கொண்டே சொன்னான். இந்த 'அஞ்சுக்கு ரெண்டு' கதையைக் கல்யாணமான நாளிலிருந்து அனார்குல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஏன் இரண்டு என்று அவளும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அவள் படித்தது புவியியல். பௌதிக ஆசிரியர் தலைநகரத்துக்குப் போய்விட்ட பிறகு, வகுப்பு அநாதையாகக் கிடக்கிறதே என்று தானாகப் போய் ஏற்றுக்கொண்டாள். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற பாடங்கள்தான் அவளுக்கு வாத்தியார். நாரினில் செல்போன் கோபுரத்துக்குக் கீழே புருஷனின் மினிபஸ்ஸை நிறுத்திவைத்து, பின் சீட்டில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பாடமாக இறக்கிக்கொள்வாள். ஆங்கிலம் புரியாத இடத்தில் போன் மொழிபெயர்த்துக் கொடுக்கும். அது உளறுகிற இடத்தில் அவளே ஊகித்துக்கொள்வாள். இப்படியே இரண்டு குளிர்காலம் ஓட்டிவிட்டாள். பையன்கள் பௌதிகம் என்றால் ஓடுவது நின்றிருந்தது.

இப்போது மாவட்டத்திலிருந்து கேள்வி வந்துவிட்டது. பட்டம் இல்லாதவள் எப்படிப் பாடம் நடத்துகிறாள்? திறந்த வகுப்பு நடத்திக் காட்டட்டும். தேறினால் பௌதிகம் அவளுக்கு. இல்லையென்றால் விளையாட்டு வாத்தியார் மெலிஸுக்கு. மெலிஸிடம் எங்கேயோ வாங்கிய ஒரு சான்றிதழ் இருக்கிறது. ஆர்க்கிமிடிஸ் மல்யுத்த வீரர் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பதாக ஊரில் ஒரு பேச்சு.

திறந்த வகுப்பு என்றால் என்னவென்று இந்த நாட்டில் படித்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பேர்தான் திறந்தது, உள்ளே எல்லாம் ஒத்திகை. எந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது, அவன் என்ன சொல்வது, எப்போது எல்லாரும் சிரிப்பது, எல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருக்கும். கேள்வி கேட்டதும் வகுப்பே கை தூக்க வேண்டும். தெரிந்தவன் வலது கை. தெரியாதவன் இடது கை. டீச்சர் வலது கையாகப் பார்த்துக் கூப்பிடுவார். குழுவில் வருகிறவர்களும் ஒரு காலத்தில் இதே கையைத் தூக்கியவர்கள்தான் என்பதை மட்டும் எல்லாரும் சௌகரியமாக மறந்துவிடுவார்கள்.

தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்ற கேள்வி பெர்மெத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பத்தாம் வகுப்பில் கணீரென்ற குரல் அவளுக்குத்தான்.

* * *

பள்ளிக்கூட வராந்தாவில் உல்கான் நின்றிருந்தாள். தலைமையாசிரியை. வீட்டில் மூத்த மருமகள், அனார்குலுக்கு ஓரகத்தி. இரண்டு பதவியிலும் அவள் ஒரே மாதிரிதான், கண்ணாடிக்கு மேலே பார்ப்பாள்.

"புரொஜெக்டர் ஓடுதா?"

"ஓடுதுக்கா."

"பசங்க மனப்பாடமா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அடுப்புல கறி வெந்துட்டிருக்கு. வகுப்பு முடிஞ்சதும் குழுவைக் கூட்டிட்டு நேரா நம்ம வீட்டுக்கு. நீ முன்னாடியே போய் மாவைத் தேச்சிடு. போன தடவை மாதிரி தடியா தேய்க்காதே."

"அக்கா, ஒரு விஷயம். அந்தத் தெர்மாமீட்டர் பெட்டி..."

"அதை ஏன் நோண்டறே? எல்லாம் பழுது. நான் கணக்கு நடத்தினப்ப பௌதிகத்தையும் என் தலையில கட்டினாங்க. அப்பலேர்ந்து எத்தனை பெட்டி வந்துது தெரியுமா? ஒவ்வொண்ணையும் கொதிக்கிற தண்ணியில விட்டுச் சோதிச்சேன். ஒண்ணாவது நூறு காட்டணுமே! கண்ணை மூடிட்டு வாங்கி வெக்கிற ஆள் இல்ல நான். ஒரே ஒண்ணுதான் தேறிச்சு. என் மேஜையில இருக்கு, கொண்டு வரேன்."

"அதைத்தான் சொல்ல வந்தேன்..."

"வண்டி வந்திடுச்சு. தலைத்துணியைச் சரி பண்ணு, மூஞ்சியையும்."

தலையில் கட்டியிருந்த துணியை அனார்குல் சரி செய்துகொண்டாள். முகத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை. சொல்லாமல் விட்டது ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதி அவளுக்கே பிடிக்கவில்லை.

குழுவில் மூன்று பேர். பேசியது ஒருவர்தான். காதிர்பெக் என்று பெயர், உச்சி உயர்ந்த வெண்ணிறத் தொப்பியைக் கையிலேயே வைத்திருந்தார். அறைக்குள் வந்ததும் அலமாரியைத்தான் முதலில் பார்த்தார்.

"என் வீட்டுக்காரி இந்த ஊர்ப் பொண்ணு" என்றார். "இந்த ஊர்த் தண்ணியைப் பத்தி நிறையச் சொல்லியிருக்கா."

எல்லாரும் மரியாதைக்குச் சிரித்தார்கள்.

* * *

பாடம் நன்றாகத்தான் தொடங்கியது. திரையில் ஒரு பாத்திரம், கீழே அடுப்பு, பக்கத்தில் தெர்மாமீட்டர். மவுஸை நகர்த்தினால் தீ கூடும். தண்ணீருக்குள் குட்டிக் குட்டி உருண்டைகள் முட்டி மோதும். பையன்கள் ஒத்திகையை மறந்து நிஜமாகவே பார்த்தார்கள். ஏழாவது முறை பார்க்கிறோம் என்பது முகத்தில் தெரியவில்லை.

திரைத் தெர்மாமீட்டர் எண்பது, தொண்ணூறு என்று ஏறியது. நூற்றைத் தொட்டுக் குமிழி விட்டது. அந்த நொடியில் மின்சாரம் போயிற்று.

திரை கறுத்தது. மடிக்கணினியின் பேட்டரி செத்துப் பல மாதமாகிறது. கடைசி பெஞ்சில் உல்கான் கண்ணை மூடித் திறந்தாள்.

"பரவால்ல" என்றார் காதிர்பெக். "படத்துல பார்த்தாச்சு. நிஜத் தண்ணி இல்லையா? அடுப்பு இருக்கா?"

வாசலில் நின்றிருந்த எர்மெக் வண்டியிலிருந்து காஸ் அடுப்பைத் தூக்கி வந்தான். வழியில் தேநீர் போட வைத்திருப்பது. மேஜை மேல் வைத்துப் பற்றவைத்தான். வைத்துவிட்டு வெளியே போயிருக்கலாம். கதவருகே போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

உல்கான் எழுந்து வந்து தன் ஒற்றைத் தெர்மாமீட்டரை நீட்டினாள். தண்ணீர் சலசலத்து, பொங்கி, தளபுளவென்று கொதித்தது. காதிர்பெக் குனிந்து பார்த்தார்.

"நூறு" என்றார்.

அறையே மூச்சு விட்டது. அனார்குல் ஒத்திகை வரிசைக்குத் திரும்பினாள். "சரி, யார் சொல்லுவீங்க? தண்ணி எத்தனை டிகிரியில கொதிக்கும்?"

எல்லாக் கைகளும் மேலே போயின. பெர்மெத்தின் கையும் போயிற்று. இடது கை.

அனார்குல் பார்த்தாள். உல்கானும் பார்த்தாள். மகள் அம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. என்னைக் கூப்பிடாதே என்று மட்டும் கேட்டாள். அனார்குல் அவளைத் தாண்டிப் பார்த்தாள். "அஸாமத், நீ சொல்லு" என்றாள்.

"நூறு, எஜே!" அக்கா என்கிற மரியாதையில் டீச்சரை இங்கே எல்லாரும் 'எஜே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"உக்காரு."

"ஒரு நிமிஷம்" என்றார் காதிர்பெக். "நானும் வாத்தியாரா இருந்தவன்தான். அந்த இடது கைப் பொண்ணு சொல்லட்டும்."

வகுப்பில் ஒருத்தன் 'களுக்' என்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டான். பெர்மெத் எழுந்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

அனார்குல் தலையசைத்தாளா, இல்லை தலை தானாக ஆடியதா, அவளுக்கே தெரியாது.

"சார், அந்தத் தெர்மாமீட்டர் பழுது."

"பெர்மெத்!" என்றாள் உல்கான்.

"கீழ இருக்கிற பெட்டியில இருக்கிறதுதான் சரி, பெரியம்மா. எல்லாமே தொண்ணூத்திமூணு காட்டும்." சொல்லிக்கொண்டே பெட்டியை இழுத்து, சிவப்புப் பொட்டு வைத்த நாலைந்தை அள்ளி வந்து தண்ணீரில் விட்டாள். நாலைந்தும் தொண்ணூற்று மூன்றில் போய் நின்றன. "இத்தனை பேரும் பேசிவெச்சுக்கிட்டு ஒரே பொய்யைச் சொல்வாங்களா?"

"கும்பல் சொன்னா சரியாயிடுமா?" காதிர்பெக் இப்போது அனார்குலைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க எஜே. உங்க திரை நூறுங்குது. தலைமையாசிரியையோட தெர்மாமீட்டர் நூறுங்குது. உங்க பொண்ணு இல்லைங்கறா. யார் சரி?"

இத்தனை நாளும் அவள் இறக்கிய பாடங்களில் ஒன்று எங்கிருந்தோ நினைவுக்கு வந்தது. யாரோ முகம் தெரியாத ஓர் இளைஞன், மங்கலான வீடியோ, மேஜை மேல் ஒரு குவளை. தெர்மாமீட்டரைச் சந்தேகப்பட்டால் அதையே கேளுங்கள் என்று சொல்லியிருந்தான்.

சொன்னால் ஓரகத்தியின் மானம் போகும். சொல்லாவிட்டால் பௌதிகம் அவளிடமே தங்கும், ஆனால் பெர்மெத் இனி இந்த அம்மாவிடம் எதையும் கேட்க மாட்டாள்.

"அஸாமத்" என்றாள் அனார்குல். "வெளிய போய் ஒரு குவளை பனி அள்ளிட்டு வா."

பனி வந்தது. அடுப்போரமாக வைத்து, பாதி உருகிச் சொதசொதவென்று ஆனதும் சிவப்புப் பொட்டுக்காரனை அதில் விட்டாள். சரியாகப் பூஜ்யத்தில் நின்றது. எடுத்துவிட்டு உல்கானின் தெர்மாமீட்டரை விட்டாள். அது இறங்கி, இறங்கி, ஏழில் நின்றுவிட்டது.

"உருகுற பனி எந்த ஊர்லயும் பூஜ்யம்தான். இது ஏழுங்குது. எல்லாத்துலயும் ஏழைக் கூட்டிச் சொல்லுது." இரண்டு தெர்மாமீட்டரையும் மேஜை மேல் பக்கம் பக்கமாக வைத்தாள். "நான் புவியியல் படிச்சவ, சார். உசரம் ஏற ஏறக் காத்து குறையும்னு வருஷா வருஷம் மலை படம் போட்டவ. மேல அமுக்குற காத்து கம்மியானா தண்ணி சீக்கிரம் கொதிச்சிடும். ஆனா அந்த மலை மேலதான் நம்ம கெட்டில் இருக்குன்னு எனக்குத் தோணல. நேத்து என் பொண்ணு சொல்லித்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சும் இன்னிக்கு நூறுன்னு சொல்லச் சொன்னேன். தப்பு என்னோடது."

மின்சாரம் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்தது. மடிக்கணினி மெல்ல உயிர்பெற்று, பாடத்தைத் திறந்ததும் திரையில் அதே பாத்திரம். அனார்குல் முதல் முறையாக அதன் மூலையைப் பார்த்தாள். ஒரு சின்ன மலைப் படமும், பக்கத்தில் நகர்த்துகிற கோடும். இத்தனை நாள் அலங்காரம் என்று நினைத்திருந்தாள். கோட்டை அவர்கள் ஊர் உயரத்துக்கு இழுத்தாள். திரையில் நூறு சரிந்து தொண்ணூற்று மூன்றில் நின்று குமிழி விட்டது.

கதவருகில் எர்மெக் இல்லை.

* * *

உல்கானின் வீட்டில், தேய்த்து வேகவைத்த மாவின் மேல் கறி போட்ட பெஷ்பர்மக் ஆவி பறந்தது. மூத்தவர், அவள் கணவர், குதிரைகளோடு இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை. அதனால் எந்த எலும்பு யாருக்கு என்று சொல்கிற பொறுப்பு உல்கானுக்கு. வயதுக்கும் மரியாதைக்கும் ஏற்ற எலும்பு. அதில் அவள் ஒருநாளும் தவறியதில்லை. இன்றும் தவறவில்லை, கை மட்டும் மெதுவாக ஓடியது.

"பௌதிகம் அனார்குல் எஜேகிட்டயே இருக்கட்டும்" என்றார் காதிர்பெக், விரலைத் துடைத்துக்கொண்டே. "மெலிஸ் பையன்களை ஓட வைக்கட்டும்."

சிரிப்பு எழுந்தது. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பெர்மெத் அம்மாவைப் பார்த்தாள். அனார்குலும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் புருஷன் முகம் கண்ணில் பட்டது.

"அண்ணி" என்றான் எர்மெக். "இப்ப என் மார்க்கை மாத்துவீங்களா?"

கொழுந்தனின் கேலி என்று நினைத்து விருந்தாளிகள் சிரித்தார்கள். அண்ணியைக் கொழுந்தன் சீண்டாவிட்டால்தான் இந்த ஊரில் அதிசயம்.

"எட்டாவது படிச்சப்ப தொண்ணூத்திமூணுன்னு எழுதினேன். திருத்தி எழுதுன்னீங்க. கண்ணால பார்த்ததை எப்படித் திருத்தறதுன்னேன். ரெண்டு போட்டு வெளிய அனுப்பினீங்க. மின்நிலையத் தொழிற்பள்ளியில அந்த ரெண்டைப் பார்த்துட்டுத்தான் வேணாம்னாங்க." அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் அனார்குலுக்குத் தாங்கவில்லை. "தெர்மாமீட்டரைத்தான் பழுதுன்னு ஒதுக்கினீங்கன்னு நெனச்சேன் அண்ணி. இன்னிக்குத்தான் எனக்கும் ஒரு பொட்டு இருக்குன்னு புரிஞ்சுது."

சிரிப்பு நின்றது. உல்கான் தன் முன்னால் இருந்த எலும்பை எடுத்தாள். மூத்த மருமகளின் பங்கு, வேறு யாரும் தொடக்கூடாதது. அதை எர்மெக்கின் தட்டில் வைத்தாள்.

எர்மெக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். பிறகு எடுத்து, தேநீர்க் கெட்டிலோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெர்மெத்தின் தட்டுக்கு நகர்த்தினான். வீட்டின் கடைக்குட்டிக்கு மூத்தவளின் எலும்பு! அவள் அதைத் தொடுவதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தாள்.

சங்கடத்தை உடைக்கிறவர்போல காதிர்பெக் தொண்டையைச் செருமினார். "வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா என் வீட்டுக்காரி ஜிப்பெக்கிட்ட இதைச் சொல்லணும். எத்தனை வருஷமா அந்தத் தண்ணிக் கதையைச் சொல்லிச் சொல்லி என் உயிரை எடுத்திருக்கா."

உல்கானின் கையிலிருந்த கரண்டி சூப்பில் விழுந்தது. எடுக்காமல் எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள்.

அனார்குல் பின்னாலேயே ஓடினாள். உல்கான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வெளியே காற்று இன்னும் ஓயவில்லை.

"காலையில சொல்ல வந்தது இதானா?"

"ஆமாக்கா. இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும்."

"நான்தான் பேச விடல." உல்கான் கண்ணாடியைக் கழற்றினாள். அது இல்லாத அவள் முகத்தை அனார்குல் அதுவரை பார்த்ததே இல்லை. "அந்த ஆளு நம்ம ஊருக்குச் சும்மா வரல, அனார். எர்மெக் வகுப்புல தொண்ணூத்திமூணுன்னு எழுதினவங்க ரெண்டு பேரு. ரெண்டு பேருக்கும் நான் ஒரே மார்க்குதான் போட்டேன். எர்மெக் கதவைச் சாத்திட்டுப் போனான். அந்தப் பொண்ணு மறுநாள்லேர்ந்து பள்ளிக்கூடத்துக்கே வரல. அவ பேரு ஜிப்பெக்."

உள்ளேயிருந்து காதிர்பெக் இன்னொரு கிண்ணம் தேநீர் கேட்டார்.